உபயம் எழுத இடமில்லாத பயிற்சி

செருப்பை வெளியிலயே விட்டுட்டு வாங்கம்மா. கம்ப்யூட்டர் ரூமு, தூசி ஆகாது. இந்தச் சேர்ல உக்காருங்க, ஏசிக்கு நேரா. ஜில்லுன்னு இருக்கா? இந்தச் சுத்துவட்டாரத்துல ஏசி போட்ட பள்ளிக்கூட ரூமு இது ஒண்ணுதான். எச்.எம். ஏதோ மீட்டிங்குன்னு போயிருக்காரு. அவரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். இன்டர்வியூ பண்ணப்போறது நானு. பூமிராஜன். இந்தப் பள்ளிக்கூடத்துத் தாளாளர். பஜார்ல பெயிண்ட் கடை நம்மளோடதுதான்.

சர்ட்டிபிகேட்டையெல்லாம் உள்ள வைங்க. நான் அதைப் பாக்கறதில்லை. எம்.எஸ்சி., பி.எட்., அதானே? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கொண்டாராங்க. எனக்கு ஒளிச்சுப் பேசத் தெரியாதும்மா. வர்ற திங்கக்கிழமை கல்வி ஆபீஸ்லருந்து ஆளு வர்றாங்க. பிளஸ் டூ கம்ப்யூட்டர் குரூப்புக்கு டீச்சர் இருக்கான்னு பாப்பாங்க. இல்லேன்னா குரூப்பை எடுத்துருவாங்க. குரூப்பை எடுத்தா இருக்கிற பிள்ளைங்களும் டீசியை வாங்கிட்டுக் கிளம்பிரும். இப்பவே பாதி கிளம்பிருச்சு. ஆகக்கூடி உங்களுக்கு வேலை வேணும், எனக்கு ஆளு வேணும். அதுக்காக நான் கெஞ்சுறேன்னு நினைச்சிறாதீங்க. வாத்தியாரைக் கெஞ்சுற பழக்கம் இந்தப் பள்ளிக்கூடத்துல கிடையாது.

என்னம்மா கேட்டீங்க? முன்னாடி இருந்த டீச்சர் ஏன் போனாங்கன்னா? கேப்பீங்கன்னு தெரியும். வெளியில விசாரிச்சா ஆளுக்கொரு கதை சொல்லுவான். என் வாயாலயே கேட்டுக்கங்க, அப்புறம் ஒரு சந்தேகம் இருக்கக்கூடாது.

தமயந்தின்னு ஒரு அம்மா. பத்து வருஷத்துக்கு மேல இங்கதான் இருந்துச்சு. நான் குறை சொல்ல மாட்டேன். நேரத்துக்கு வரும், நேரத்துக்குப் போகும், குனிஞ்ச தலை நிமிராது. சம்பளம் கூட்டிக் கேட்டதில்லை. அப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச டீச்சர் யாருன்னு கேட்டா அந்தம்மாவைத்தான் சொல்லியிருப்பேன். ஒருத்தங்க வாயைத் திறக்காம இருக்கிற வரைக்கும் அவங்க மனசுல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

எல்லாம் அந்தப் புதுப் புஸ்தகம் வந்ததுல ஆரம்பிச்சது. முன்னாடி சி பிளஸ் பிளஸ்னு ஒண்ணு நடத்துனாங்க. நல்லா ஓடிக்கிட்டிருந்துச்சு. மார்க்கு கொட்டுச்சு. ஒரு நாள் அதைத் தூக்கிட்டு பைத்தான்னு கொண்டாந்து வச்சாங்க. என்னமோ மலைப்பாம்பாம்ல? பாம்புப் பேரையா படிக்கிற பாடத்துக்கு வைப்பான்? சரி, வச்சான். வச்சா என்ன? புஸ்தகம் இருக்கு, கைடு இருக்கு, பழைய கொஸ்டின் பேப்பர் இருக்கு. டீச்சர் போர்டுல எழுதிப்போடணும், பிள்ளைங்க எழுதிக்கிட்டு மனப்பாடம் பண்ணணும். இதுக்கு மேல வாத்தியார் வேலைல என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க.

ஆனா அந்தம்மா கடைக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல வந்து பேசியிருக்கலாம்ல? பொங்கல் சமயம், ஊரே வெள்ளையடிக்க நிக்குது, கடைல கால் வைக்க இடமில்லை. கூட்டத்துக்கு நடுவுல வந்து நின்னுக்கிட்டு, சார், மதுரைல ஒரு காலேஜுல லீவுல கிளாஸ் எடுக்கிறாங்க, என்னை அனுப்புனீங்கன்னா நல்லா இருக்கும்னு சொல்லுது. எதுக்கும்மான்னு கேட்டேன். புதுப் பாடம் எனக்குச் சரியாப் பிடிபடலை சார், பிள்ளைங்க ஏன் இப்படி வருதுன்னு கேட்டா, புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு, எழுதிக்கோன்னு சொல்றேன், எனக்கே வெக்கமா இருக்குன்னுச்சு. ஒரு கஸ்டமர் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டிருக்காரு. அவரு பையன் நம்ம பள்ளிக்கூடம். எனக்கு எப்படி இருக்கும்?

மார்க்கு வருதுல்லன்னு கேட்டேன். வருதுன்னுச்சு. அப்புறம் என்னம்மா உனக்கு, வீட்டுக்குப் போன்னு அனுப்பிட்டேன்.

படிச்சு முடிச்சிட்டுத்தானேம்மா வேலைக்கு வர்றீங்க? திரும்பவும் என்ன படிப்பு? வாத்தியாரே டியூஷனுக்குப் போனா பிள்ளைங்க மதிக்குமா? என் கடைலயும் புது மெஷின் வந்துச்சு. கலர் கலக்குற மெஷின். நம்பரைத் தட்டினா ஆயிரம் கலர் கொட்டும். கம்பெனிக்காரன் என்னைய மதுரைக்குக் கூப்பிட்டு, பெரிய ஹோட்டல்ல தங்க வச்சு, ஒரு வாரம் பக்கத்துலயே நின்னு சொல்லிக்குடுத்தான். சொல்லிக்குடுக்காம அதைத் தொட முடியுமா? ஒரு சொட்டு கூடிப்போச்சுன்னா டப்பாவே வீணு. அது வேற விஷயம். அது மெஷின். அதுவும் புதுசு.

ஆவுடையப்பா! அந்தம்மாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா. பியூன்தான். காது கொஞ்சம் மந்தம்.

அதோட போயிருக்கும். கெடுத்தது இளவரசு. பேருதான் இளவரசு. இங்க படிக்கும்போது கடைசி பெஞ்சு. முட்டி போடாத நாளு கிடையாது. இன்னைக்கு அமெரிக்காவுல கம்ப்யூட்டர் கம்பெனில இருக்கான். எப்படித்தான் போனானோ, அங்க ஆள் பஞ்சமா இருந்திருக்கும். அவன் எங்கயோ கேள்விப்பட்டிருக்கான், நம்ம பக்கத்துப் பள்ளிக்கூடங்கள்ல கம்ப்யூட்டர் டீச்சருங்களுக்குப் புதுப் பாடத்துக்குச் சரியான பயிற்சியே இல்லைன்னு. எச்.எம்.முக்கு போன் போட்டு, நான் பணம் அனுப்புறேன், டீச்சரைப் பயிற்சிக்கு அனுப்புங்கன்னுட்டான். வருஷா வருஷம் அனுப்புறேன்னான். எங்க கமிட்டில யாரும் அப்படி ஒரு உபயத்தைக் கேள்விப்பட்டதில்லை.

உள்ள வரும்போது பாத்திருப்பீங்களே, நம்ம பள்ளிக்கூடத்துல பேர் இல்லாத பொருளே கிடையாது. மணில பேரு, தண்ணித் தொட்டில பேரு, பெஞ்சுல பேரு, டியூப் லைட்டுல பேரு. டியூப் லைட்டுல எழுதினா வெளிச்சம் பாதிதான் வரும், பரவால்லை. ஃபேன்ல றெக்கைக்கு ஒரு வார்த்தையா பருப்பு மில்காரர் குடும்பத்தோட பேரு. ஃபேன் சுத்துனா பேரு தெரியாது. அதனால அவரு பள்ளிக்கூடத்துக்கு வர்ற அன்னைக்கு ஃபேனை நிறுத்திருவோம். அவரு வேர்த்து விறுவிறுத்து உக்காந்து படிச்சுப் பாத்துட்டுச் சந்தோஷமாப் போவாரு. இது மரியாதைம்மா. குடுக்கிறவன் பேரைப் போடணும். பெயிண்ட் என் கடைதான், ஆனா அதுக்காக நான் சொல்லலை.

கமிட்டி கூடுச்சு. இளவரசு போன்ல இருக்கான், சத்தமா வச்சு மேஜைல வச்சிருக்கோம். தலைவரு கேட்டாரு, தம்பி, பேரை எங்க போடணும்னு. அவன் சொல்றான், என் பேரே வேணாங்க, டீச்சர் கத்துக்கிட்டா போதும்னு. பேர் வேணாம்னு சொல்றவனை எப்படிம்மா நம்புறது? என்ன பணமோ ஏது பணமோ. போனை வச்சதும் எல்லாரும் ஒரே நேரத்துல பேசுனாங்க. டீச்சருக்குக் குடுத்தா எங்க எழுதுறது, அந்தம்மா நெத்திலயான்னு தலைவரு கேட்டாரு. சிரிச்சு மாளலை. ஆனா நான் யோசிச்சுப் பாத்தேன், அவரு கேட்டது சரிதானே? பெஞ்சு வாங்கினா பெஞ்சு இருக்கும். ஒரு மனுஷிக்குப் படிப்பு வாங்கிக் குடுத்தா அது எங்க இருக்கும்? காட்ட முடியுமா? நாளைக்கு நல்லாப் படிச்சிட்டு அந்தம்மா கூடச் சம்பளம் குடுக்கிற இடத்துக்குப் பறந்து போயிட்டா? நம்ம உபயம் வேற ஊர்ல போய் உக்காந்துக்கிட்டு இருக்கும்.

நான்தான் வழி சொன்னேன். பயிற்சின்னுதானே கேக்குறான்? பயிற்சிக்கு ஒரு கூடம் கட்டிருவோம். பழைய ஸ்டோர் ரூமை இடிச்சு, டைல்ஸ் போட்டு, சீலிங் அடிச்சு, ஏசி வச்சு, வாசல்ல கிரானைட் கல்லுல எழுதிருவோம். கணினி ஆசிரியர் பயிற்சிக் கூடம்னு. அவன் கேட்ட வார்த்தை அப்படியே கல்லுல இருக்கா இல்லையா? கிரானைட்டு என் மச்சினன் கடை. வெளில வாங்கினா ஏமாத்திப்புடுவாங்க. ஏசி தலைவரோட மருமகன் ஏஜென்சி. எல்லாம் நம்ம ஆளுங்க, பாத்துச் செஞ்சாங்க. வேணும்னா வெளில போய்க் கல்லைப் பாருங்க. மேல இளவரசு பேரு, கீழ கமிட்டி முழுக்க. என் பேரு மூணாவது. தமயந்தி பேரா? டீச்சர் பேரை எதுக்கும்மா போடணும்?

அந்த வருஷக் கோடை லீவுல அந்தம்மா மறுபடியும் வந்துச்சு. சார், பணம் வந்துருச்சாமே, நான் எப்பக் கிளம்பணும்னு கேட்டுக்கிட்டு. முகமெல்லாம் சிரிப்பு. நான் அதுவரைக்கும் அந்தம்மா சிரிச்சுப் பாத்ததில்லை. வாம்மான்னு கூட்டிட்டு வந்து இந்த ரூமைக் காட்டுனேன். சிமெண்டு ஈரம் காயலை. பாரு, எல்லாம் உனக்காகத்தான்னு சொன்னேன். சுத்திமுத்திப் பாத்துச்சு. இங்க யாரு சார் வந்து சொல்லிக்குடுப்பாங்கன்னு கேட்டுச்சு. அதெல்லாம் போகப் போகப் பாத்துக்கலாம், முதல்ல ரூமு வேணும்லன்னேன். சரிங்க சார்னுட்டுப் போயிருச்சு. ஒரு நன்றி வரலை வாயிலருந்து.

என்ன பாக்குறீங்க? கம்ப்யூட்டரை ஒரு தடவை போட்டுப் பாக்கணுமா? போடலாம், போடலாம். ஆனா ஏசியை அணைக்கணும். ரெண்டும் சேந்து இழுத்தா லைன் தாங்காது, மொத்த பில்டிங்கும் போயிரும். கரண்ட்டு வேலைக்குப் பணம் மிஞ்சலை. ஏசி ஓடுனா கம்ப்யூட்டர் ஓடாது, கம்ப்யூட்டர் ஓடுனா ஏசி ஓடாது, அவ்வளவுதான். பெரும்பாலும் ஏசிதான் ஓடும், கமிட்டி மீட்டிங்கு இங்கதான் நடக்குது. ஆவுடையப்பா! ஏசியை அணைச்சிட்டு அந்த ஓரத்துக் கம்ப்யூட்டரைப் போடு. உறையைப் பாத்து எடு, கிழிஞ்சிரப் போகுது. வரும், வரும். கொஞ்ச நேரம் எடுக்கும். அது வர்றதுக்குள்ள நான் மிச்சத்தைச் சொல்லிர்றேன்.

திறப்பு விழா வச்சோம். இளவரசு நேர்லயே வந்துட்டான். நாங்க எதிர்பாக்கலை. கார் அனுப்பியிருந்தோம், அவன் பஸ்ல வந்து இறங்கி நடந்து வர்றான். காலுல ஓட்டப்பந்தயத்துக்குப் போடுற பூட்ஸு. மேடைல உக்காரச் சொன்னா பிள்ளைங்களோட போய்த் தரைல உக்காந்துட்டான். பொன்னாடையை மடிச்சுப் பக்கத்துல ஒரு பையன் கைல குடுத்துட்டான். பெரிய மனுஷனா லட்சணமா நடந்துக்கத் தெரியலை.

காலைலயே நான் தமயந்தியைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். மைக்குல கூப்பிடுவோம், பயிற்சி நல்ல பயனுள்ளதா இருந்துச்சு, உபயதாரருக்கு நன்றின்னு ஒரு வரி சொல்லிட்டு இறங்கிரணும்னு. போகாத பயிற்சியை எப்படி சார்னு இழுத்துச்சு. அதான் கூடம் இருக்குல்ல, அதைத்தான் சொல்றோம்னேன். அந்தம்மா சரின்னும் சொல்லலை, மாட்டேன்னும் சொல்லலை. வாயில்லாத ஆளுதானேன்னு நான் விட்டுட்டேன்.

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைவர் உரை, என் உரை எல்லாம் ஆச்சு. வெயில் ஏறிருச்சு, பிரியாணி அண்டா திறந்து வாசம் வந்துக்கிட்டிருக்கு. அப்ப இவன் கீழருந்து எந்திரிக்கிறான். ரூமு நல்லா இருக்குங்க, யாரு பயிற்சிக்குப் போனாங்க, என்ன கத்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சுக்கலாமான்னு கேக்குறான். எச்.எம். இருமுறாரு. அவருக்கு வேற என்ன தெரியும்? நான் மைக்கைப் பிடிச்சு, இப்போது நமது கணினி ஆசிரியை பேசுவார்னு சொன்னேன்.

அவ வந்தா. ஆமா, 'அவ'ன்னுதான் சொல்லுவேன், இனிமே என்ன மரியாதை. மைக்கைப் பிடிச்சா. உபயதாரரைப் பாக்கலை, கமிட்டியைப் பாக்கலை, நேரா பிள்ளைங்களைப் பாத்தா. அவ சொன்னதை ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்ல முடியும், அத்தனை தடவை என் காதுல கேட்டுருச்சு. பன்னெண்டாவது பிள்ளைங்களா, என்னை யாரும் பயிற்சிக்கு அனுப்பலை. இந்தப் புதுப் பாடம் எனக்குச் சரியாத் தெரியாது. தெரியாமத்தான் உங்களுக்கு நடத்திக்கிட்டிருக்கேன். நீங்க ஏன்னு கேட்டப்பல்லாம் மனப்பாடம் பண்ணுன்னு சொன்னேன்ல, அது எனக்குத் தெரியாததாலதான். நீங்க மக்குன்னு நினைச்சிராதீங்க. கேட்டது நல்ல கேள்வி. என்னை மன்னிச்சிருங்க.

அவ்வளவுதான். இறங்கிப் போயிட்டா.

ஒரு வாத்தியார், மைக்குல, ஊர் முன்னாடி, எனக்குத் தெரியாதுன்னு சொல்லுவாளாம்மா? நீங்க சொல்லுவீங்களா? தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரி நிக்கிறதுதானே வாத்தியார் உத்தியோகமே? எச்.எம்.முக்கு என்ன தெரியும்? எனக்கு என்ன தெரியும்? நாங்க சொல்லிக்கிட்டா திரியறோம்? பிள்ளைங்க ஊளை விடப்போகுது, மானம் போகப்போகுதுன்னு நான் கண்ணை மூடிட்டேன். ஒரு பய சிரிக்கலை. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு விளங்கலை. சும்மா கிடந்தாலே கத்துற பயலுக, அத்தனை பேரும் அவ போற திசையையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கானுங்க. நான் சட்டுன்னு அடுத்ததாக நாட்டுப்பண்ணுன்னு சொல்லி எல்லாரையும் எழுப்பி நிறுத்திட்டேன். இல்லேன்னா இன்னும் என்னென்ன ஆயிருக்குமோ.

மறுநாள் கூப்பிட்டேன். வேலையை விட்டு நிறுத்தலைம்மா, ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க, நம்பாதீங்க. இனிமே வர வேண்டாம்னு மட்டும்தான் சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. அழுவான்னு பாத்தேன். சாக்பீஸ் தூள் ஒட்டியிருந்த கையைத் துடைச்சிட்டு, சாவியை மேஜைல வச்சிட்டுப் போயிட்டா. கல்லு மாதிரி மனசு.

கமிட்டில நான் சொன்னேன், ஒரு கம்ப்யூட்டர் டீச்சர் போனா ஊருக்குப் பத்துப் பேரு எம்.எஸ்சி. முடிச்சிட்டு வீட்டுல கிடக்காங்க, நாளைக்கே ஆளைக் கொண்டாரேன்னு. வந்தாங்க. வரலைன்னு சொல்லலை. ஒருத்தி வந்தா, கம்ப்யூட்டரைப் போடணும் சார், ஏசியை அணைங்கன்னு தினமும் சண்டை. போயிட்டா. அப்புறம் ஒரு தம்பி வந்தான், பிள்ளைங்க அவனைக் கேள்வி கேட்டே விரட்டிருச்சுங்க. ஆமா, இந்தப் பிள்ளைங்களுக்கு இப்ப ஒரு கெட்ட பழக்கம் வந்துருக்கு, எதுக்கெடுத்தாலும் ஏன்னு கேக்குதுங்க. அந்தத் தம்பி புஸ்தகத்துல அப்படித்தான் இருக்குன்னு சொல்லியிருக்கான். பின்னாலருந்து ஒருத்தன், தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க சார், பரவால்லைன்னுருக்கான். இதெல்லாம் அவ போட்ட விதை.

அவ சும்மா இருக்கலை. ஊருக்கு வெளியில ஒரு டிரஸ்ட்டு பள்ளிக்கூடம் இருக்கு. தகரக் கூரை. மழை பேஞ்சா பாடம் நடத்துறது காதுல விழாது. அங்க சேந்துட்டா. இளவரசு அனுப்புற பணம் அங்க போகுது. முதல்ல அவளை லீவு முழுக்க மதுரைல தங்க வச்சுப் படிக்க வச்சான். இப்ப சனிக்கிழமை சனிக்கிழமை சுத்துப்பட்டு கம்ப்யூட்டர் டீச்சருங்க அத்தனை பேரும் அங்க வர்றாங்களாம். பஸ் காசு, சாப்பாடு எல்லாம் அவன் பணம். அவ சொல்லிக்குடுக்கிறாளாம். மதுரைலருந்தும் ஆளு வந்து சொல்லிக்குடுக்கிறாங்களாம். ஏசி கிடையாது, டைல்ஸ் கிடையாது. வாத்தியாரெல்லாம் பெஞ்சுல பிள்ளைங்க மாதிரி உக்காந்து கையைத் தூக்கிச் சந்தேகம் கேக்குறாங்களாம். வெக்கக்கேடு. எம்.எஸ்சி. படிச்சவங்க!

என் பேத்தியும் அங்கதான் படிக்கிறா. அவளாப் போகலை. என் மருமக கூட்டிட்டுப் போய்ச் சேத்துட்டா, தாளாளர் வீட்டுப் பிள்ளை வேற பள்ளிக்கூடத்துக்குப் போனா ஊரு என்ன பேசும்னு ஒரு நிமிஷம் யோசிக்கலை. ராத்திரி சாப்பிடும்போது இவ சொல்றா, தாத்தா, எங்க டீச்சருக்கு ஒண்ணு தெரியலேன்னா, இது எனக்குத் தெரியலை, நாளைக்குச் சொல்றேன்னுட்டு மறுநாள் கரெக்டாக் கண்டுபிடிச்சிட்டு வந்துருவாங்கன்னு. என்னமோ டீச்சர் பறந்து காட்டுன மாதிரி. தெரியாததை ஒரு பெருமையாப் பேசுற பள்ளிக்கூடத்தை நான் இப்பத்தான் பாக்குறேன். நான் சாப்பாட்டைப் பாதில வச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.

வந்துருச்சா கம்ப்யூட்டரு? பாருங்க. என்ன எழுதியிருக்கு? அந்தப் பாடத்துக்கு வேண்டியது எதுவுமே இதுல ஏத்தலையா? இதுலயேவா, எல்லாத்துலயுமா? அப்ப முன்னாடி வந்த ரெண்டு பேரும் என்னத்தைப் பாத்தாங்க? சரி, அதை ஏத்திக்கலாம். ஆளை விட்டு ஏத்திக்கலாம். உங்களுக்கு ஏத்தத் தெரியாதா? தெரியுமா, நல்லது. உஸ்ஸ்... ஏசியை அணைச்சதும் என்ன புழுக்கம் பாருங்க. இந்த ரூமுல ஜன்னலை வேற அடைச்சிட்டோம், ஏசி காத்து வெளில போகாம இருக்க.

நல்லா கேள்வி கேக்குறீங்கம்மா. உங்களைப் பிடிச்சிருக்கு. நாளைக்கே சேந்துருங்க. திங்கக்கிழமை அவங்க வரும்போது நீங்க கிளாஸ்ல நிக்கணும், அது போதும். சம்பளம் முன்னாடி இருந்ததை விடக் கொஞ்சம் கூட்டியே போடச் சொல்றேன். சரிதானே?

என்னம்மா? ஒண்ணு கேக்கணுமா? கேளுங்க.

பயிற்சிக்கு அனுப்புவீங்களான்னா?

எங்க? அந்தச் சனிக்கிழமைக் கிளாஸுக்கா?

இல்லைம்மா, இருங்க, உக்காருங்க. நான் சொல்றதைக் கேளுங்க. நீங்க படிச்ச காலேஜுலயும் இந்தப் பாடம் கொஞ்சம்தான் நடத்துனாங்க, புரியுது. நீங்க சொல்றது தப்புன்னு நான் சொல்லலை. மதுரைல ஏதாவது இருந்தா சொல்லுங்க, கோயம்புத்தூர்ல இருந்தா சொல்லுங்க, கமிட்டில வச்சு யோசிப்போம். இந்த வட்டாரத்துல வேற எங்கயும் நடக்கலையா? அது ஒண்ணுதானா? அதுவும் காசில்லாம நடக்குதா? அது எனக்கும் தெரியுமே.

ஆனா அவகிட்டயா? இந்தப் பள்ளிக்கூடத்துல டீச்சரா இருந்துக்கிட்டு, வர வேண்டாம்னு நான் சொல்லி அனுப்புனவகிட்டப் போய், கையைத் தூக்கி, மேடம் எனக்கு இது தெரியலைன்னு நிப்பீங்களா? அவ பாப்பாளே, எந்தப் பள்ளிக்கூடத்துலருந்து வந்திருக்கீங்கன்னு கேப்பாளே. நீங்க எங்க பேரைச் சொல்லுவீங்களே. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. அது எனக்குத் தெரியும். சிரிக்கக்கூட மாட்டா. உக்காரும்மான்னு சொல்லி, பொறுமையாச் சொல்லிக்குடுத்து அனுப்பிருவா. அதை என்னால தாங்க முடியாதும்மா.

குரூப்பு போனாப் போகட்டும். அந்தப் பிள்ளைங்க எங்கயாவது போய்ப் படிக்கட்டும். அதுக்காக என் ஆளை அவகிட்ட அனுப்புவேன்னு நினைக்காதீங்க.

என்ன, எந்திரிச்சிட்டீங்க? கோவமா? நான் உங்களை ஒண்ணும் சொல்லலையே. தண்ணிகூடக் குடிக்கலையே நீங்க. ஆவுடையப்பன் இன்னும் கொண்டாரலையா, அவன் ஒரு செவிடன். இருங்கம்மா, ஏசியைப் போடச் சொல்றேன். கொஞ்சம் உக்காந்து நிதானமா யோசிங்க. சம்பளம் வேணும்னா இன்னும் கொஞ்சம் பேசிக்கலாம். ரெண்டு மாசம் போகட்டும், அப்புறம் அந்தப் பயிற்சியைப் பத்திப் பாக்கலாம். லீவு நாள்ல, உங்க சொந்தப் பொறுப்புல, எங்க பேரைச் சொல்லாம... வேண்டாமா?

என்னது? இங்கருந்து அங்க எப்படிப் போகணுமா?

என்கிட்டயே கேக்குறீங்களே. நல்லா இருக்கும்மா, ரொம்ப நல்லா இருக்கு. திங்கக்கிழமை அங்க இன்டர்வியூவா? அதுவும் இல்லையா? சும்மா, சனிக்கிழமை கிளாஸுல உக்காரத்தானா? வேலை கிடைக்காட்டியும் பரவால்லையா?

கேட்டைத் தாண்டி மெயின் ரோட்டுல வலது கைப்பக்கம் போங்க. பருப்பு மில்லு வரும், அதைத் தாண்டி ஒரு மண் ரோடு பிரியும். வெயில்ல கொஞ்சம் நடக்கணும். பேரு பாத்துக்கிட்டே போனீங்கன்னா கண்டுபிடிக்க முடியாது. அங்க போர்டெல்லாம் ஒண்ணும் கிடையாது. பணம் குடுக்கிறவன் பேரும் கிடையாது, அவ பேரும் கிடையாது.

யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க.